வோல்தேர் அந்த வீட்டில் எப்போது ஐயா குடியிருந்தார்? (பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரும் பாரிஸின் ஓத்தெல் லாம்பேர் மாளிகையும் பற்றி)

பழையதாள்: பாரிஸ் மாளிகைகள் திரியில் சேன்கரையான் நேற்று ஒரு படம் போட்டிருக்கிறார். சேன் ஆற்றின் நடுவே உள்ள இல் சான் லூயி தீவின் கிழக்கு முனையில் இருக்கும் ஓத்தெல் லாம்பேர். படம் அருமை. கீழே எழுதியதைப் படித்துத்தான் தூக்கம் போச்சு: "வோல்தேர் வாழ்ந்த வீடு. 'லா ஆன்ரியாத்' காவியத்தை இங்கேதான் எழுதினார்." அந்தக் காவியம் வேறு பெயரில் 1723-லேயே வந்துவிட்டது. 1728-ல் லண்டனில் முழுப் பதிப்பும் வந்தாயிற்று. வோல்தேரின் காதலி எமிலி வாழ்க்கைப்பட்ட து ஷாத்லே குடும்பம் இந்த வீட்டை வாங்கியதோ 1739-ல். வாங்காத வீட்டில் உட்கார்ந்து எழுதினாரா?

சேன்கரையான்: அண்ணே, நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். அந்தக் கரையில் நடந்துபோகிறவன். நீங்கள் புத்தகத்தில் பார்த்ததை நான் கண்ணால் பார்க்கிறேன். வோல்தேர் அங்கே இருந்தார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பழையதாள்: கண்ணால் பார்க்கிறீர்களா? வோல்தேர் ஜன்னலில் நின்று கையாட்டுகிறாரா? காவியம் பற்றிக் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

கல்தச்சன்: ஒரு காவியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, கட்டடத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா? 1640-ல் கட்டடக் கலைஞர் லூயி லெ வோ வரைந்தது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வழக்கமாக இந்த வகை வீட்டில் தெரு, முற்றம், நடுவில் வீடு, பின்னால் தோட்டம் என்று ஒரே நேர்கோட்டில் போகும். இங்கே மனை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் முற்றத்தின் கடைசியில் பெரிய படிக்கட்டை நிறுத்தினார், தோட்டத்தைப் பக்கவாட்டில் உயர்த்தி ஆற்றைப் பார்க்க வைத்தார். அந்தத் தோட்டத்தை ஒட்டி நீளும் கூடத்தில் ஓவியர் ஷார்ல் லெ ப்ரன் ஹெர்குலஸ் கதையைக் கூரையில் தீட்டினார். பின்னாளில் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் கூரையைத் தீட்டியதும் அதே கைதான். இதை விட்டுவிட்டு வோல்தேர், வோல்தேர்!

மொட்டைமாடி: கல்தச்சன் சார் வெர்சாய் என்றதும் பயமாக இருக்கிறது. போன முறை வெர்சாய் திரியில் அரண்மனையைக் கட்டிய பெருமை லெ வோவுக்கா, இன்னொரு கட்டடக் கலைஞர் மான்சாருக்கா என்று நீங்கள் கிளப்பிய சண்டையில் பாதிப் பேர் குழுவை விட்டே போனார்கள்.

கல்தச்சன்: அதில் நான் சொன்னதுதான் சரி. இன்னும் யாரும் மறுக்கவில்லை. மறுக்கத்தான் ஆளே இல்லையே, எல்லோரும் ஓடிவிட்டார்களே.

பழையதாள்: திரியைத் திசைதிருப்ப வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: வோல்தேர் அங்கே குடியிருந்தாரா? வீட்டைக் கட்டியது ழான் பத்தீஸ்த் லாம்பேர் என்ற பணக்காரர். 1644-ல் வேலை முடிந்த கையோடு செத்தும் போனார். உள்ளே அலங்கரித்ததெல்லாம் தம்பி நிக்கோலா. பல கை மாறி 1739-ல் எமிலி து ஷாத்லேயின் கணவர் வாங்கினார். அந்த ஆண்டு மே மாதமே எமிலியும் வோல்தேரும் ஒரு வழக்குக்காகப் பிரசெல்ஸ் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இருப்பிடம் பாரிஸுக்கு வெளியே, து ஷாத்லே குடும்பத்தின் சிரே கோட்டை. சில ஆண்டுகளில் பாரிஸ் வீடும் விலைபோனது. பிற்பாடு பாரிஸில் தங்கியபோது வாடகை வீடு பிடித்தார்கள். சொந்த மாளிகையில் குடியிருந்தவர் ஏன் வாடகை கொடுக்கிறார்? காவியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேன்கரையான்: வாங்கியவர் ஒருநாள்கூட வந்து பார்க்காமலா இருப்பார்? வந்தால் வாழ்ந்தது மாதிரிதானே. வோல்தேர் வீடு என்று பலகையே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பழையதாள்: நீங்கள் சொல்லும் பலகை சேன் ஆற்றின் இடக்கரைச் சாலையான குவே வோல்தேரில் இருப்பது! அங்கே அவர் 1778 மே 30 அன்று இறந்தார். அது வேறு வீடு, வேறு கரை. ஊரில் இருக்கிறேன் என்றவர் எந்தக் கரையில் நடக்கிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சேன்கரையான்: இரண்டு பலகையும் இருக்கலாம். உங்களுக்கு எல்லாவற்றிலும் ஏளனம். நான் போடும் படத்துக்கு வரவேற்பு வருவது சிலருக்குப் பொறுக்கவில்லை என்பது தெரிந்ததுதான்.

மொட்டைமாடி: வோல்தேரை விடுங்கள். 1843-ல் போலந்து இளவரசர் ஆதாம் சார்தோரிஸ்கி வாங்கியபிறகுதான் அந்த வீட்டுக்கு உயிரே வந்தது. நாடு இழந்து வந்தவர்களின் அரசியல் கூடாரமே அதுதான். இசையமைப்பாளர் ஷோப்பன் வந்துபோனார். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கல்தச்சன்: உயிர் வந்தது இருக்கட்டும், போனதைப் பற்றிப் பேசுங்கள். 2007-ல் கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் வாங்கினார். நிலத்தடிக் கார் நிறுத்தம், லிஃப்ட் என்று திட்டம் போட்டார்கள். பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட, 2009-ல் நீதிமன்றம் வேலையை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு திட்டத்தை மாற்றிச் சமரசம். 2013 ஜூலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கூரையில் தீ. 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் எஸ்தாஷ் லெ சுவரின் ஓவியங்கள் இருந்த குளியல் அறை போயே போச்சு. வயிறு எரிகிறது.

மொட்டைமாடி: பணம் இருந்தால் 17-ஆம் நூற்றாண்டு வீட்டில் காருக்கும் அறை கட்டலாம் என்று நினைத்தார்கள்.

சேன்கரையான்: வாங்கினவர் பணம் போட்டுப் புதுப்பித்தார், அதையும் திட்டுவீர்களா? அதற்குமுன் ரோத்ஷீல்ட் குடும்பம் வைத்திருந்தபோது யாரும் வாய் திறக்கவில்லையே. அரபி வாங்கினால் மட்டும் பாரம்பரியம் நினைவுக்கு வருமா?

கல்தச்சன்: அரபியோ அமெரிக்கனோ, லெ வோ கட்டிய வீட்டுக்குக் கீழே குழி தோண்டினால் நான் கத்துவேன். லெ சுவரின் மற்ற ஓவியங்கள் தப்பியதே அவற்றை 1776-ல் பதினாறாம் லூயிக்கு விற்றுவிட்டதால்தான். இன்று லூவர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் இருந்திருந்தால் 2013-ல் என்ன ஆகியிருக்குமோ.

மொட்டைமாடி: அப்படியென்றால் வீட்டிலிருந்து பிய்த்து எடுத்தது நல்லது என்கிறீர்களா? போன மாதம் அருங்காட்சியகத் திரியில் நேர் எதிராகப் பேசினீர்களே சார்.

கல்தச்சன்: அது சிலை. இது ஓவியம்.

பழையதாள்: கத்தாரும் சிலையும் அடுத்த திரிக்குப் போகட்டும். 1728-ல் அச்சான காவியத்தை 1739-ல் வாங்கிய வீட்டில் எழுதியது எப்படி? இன்னும் பதில் இல்லை.

சேன்கரையான்: திருத்தி எழுதியிருப்பார். எந்தக் கவிஞன் ஒரு தடவையோடு விடுவான்?

பழையதாள்: பிரசெல்ஸில் இருந்துகொண்டு, பாரிஸ் வீட்டில் திருத்தினாரா?

சேன்கரையான்: நீங்கள் கூடவே போய்ப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி: வீடு இப்போது தொழிலதிபர் க்சாவியே நியெலிடம் இருக்கிறது, 2022-லிருந்து. அவரிடமே ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள் இரண்டு பேரும்.

பழையதாள்: நியெலைக் கேட்க வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே இருக்கும் அந்த வரியை எடுத்தால் போதும். இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

சேன்கரையான்: எடுக்க மாட்டேன். நாளைக்கு இன்னொரு படமும் போடுவேன், அதே வரியோடு.