பாலத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் பெட்டிகள் பற்றி

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் ஒட்டியிருக்கின்றனவே, அவை என்ன என்று போன மடலில் ஒரு தம்பி கேட்டிருந்தார். என் வேலையே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவை கம்பியில்லா சென்சார்கள். லாரி ஏறினாலும் காற்று அடித்தாலும் பாலம் மெல்ல நடுங்கும். நொடிக்கு இத்தனை முறை என்று ஒவ்வொரு பாலத்துக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. விரிசல் விட்டோ, தூணின் அடிமண் அரித்தோ விறைப்பு குறைந்தால் அந்த எண் இறங்கும். சென்சார் கவனிப்பது இதைத்தான்.

முன்பெல்லாம் சென்சாரைவிட, பாலம் நெடுக கேபிள் இழுப்பதுதான் பெரிய செலவு. 2006இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 கம்பியில்லாப் பெட்டிகளை வைத்தார்கள். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு என்று 46 தாவல்கள் வரை செய்தி கைமாறிக் கரை சேர்ந்தது. எல்லாப் பெட்டிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், பேட்டரியும் தாங்க வேண்டும். இரண்டும் லேசான காரியம் இல்லை. தென்கொரியாவின் ஜிண்டோ பாலத்தில் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும்படி செய்தார்கள்.

சரி, எண் இறங்கினால் உடனே ஆபத்து என்று சொல்லிவிடலாமா? முடியாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம் சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலம். 1998இல் இடிப்பதற்கு முன் கிட்டத்தட்ட ஓராண்டு அதை அளந்தார்கள். குளிர் உறைநிலைக்குக் கீழே போனதும் பாலத்தின் மேலுள்ள சாலையின் தார் இறுகி அதிர்வெண் ஏறியது. வெயில் வந்ததும் இறங்கியது. கடைசியில் வேண்டுமென்றே பாலத்தைப் படிப்படியாகச் சேதப்படுத்தியும் பார்த்தார்கள். வெப்பநிலையின் கணக்கைக் கழிக்காமல் விட்டால் சேதம் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் குறைந்தது ஒரு கோடை, ஒரு குளிர்காலமாவது பாலத்தின் சுபாவத்தைப் பார்த்த பிறகுதான் நான் எதையும் சொல்வேன்.

அப்புறம், சென்சார் வைத்துவிட்டோம், இனி ஆள் போய்ப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஐ-35டபிள்யூ பாலம் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். பாலத்தின் இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே மெலிந்திருந்தன. அவற்றில் சில வளைந்திருந்தது 2003இல் எடுத்த படங்களிலேயே தெரிகிறது. அதை ஒரு கண் பார்த்து, ஒரு மனம் கவலைப்பட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அங்கே கட்டிய புதிய பாலத்தில் 300க்கும் மேற்பட்ட சென்சார்களைப் பதித்தார்கள்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெட்டிகளைத் தொடவோ அசைக்கவோ வேண்டாம். ஒட்டு கொஞ்சம் தளர்ந்தால்கூட அளவு மாறிவிடும். மாதக்கணக்கில் சேர்த்த பதிவோடு அதை ஒப்பிட முடியாமல் போகும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்