சிடி19 இருக்கிறது, சிடி20 காணவில்லை: ரீஏஜென்ட் கோளாறா?

ஃப்ளோ_லேப்_தம்பி: வணக்கம். லிம்ஃபோமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) சிகிச்சை எடுத்த ஒருவரின் ரத்தத்தை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாயமிட்ட ஆன்டிபாடிகளால் செல்களின் புரதங்களைக் காணும் முறை) ஓட்டினேன். பி செல்களின் அடையாளப் புரதமான சிடி19 பளிச்சென்று வருகிறது. ஆனால் அதே செல்கள், பி செல்களின் இன்னொரு அடையாளமான சிடி20 அச்சில் அடியோடு ஒட்டிக் கிடக்கின்றன. டி செல்களைக் காட்டும் சிடி3 சரியாக இருக்கிறது. சிடி20 ரீஏஜென்ட்டின் (சாயமிட்ட ஆன்டிபாடி) புது வயல் (குப்பி) திறக்கவா? நாளை காலை ரிப்போர்ட் போக வேண்டும்.

ஹீமட்டோபேத்_அக்கா: வயலைத் திறக்கும் முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள் தம்பி. நார்மல் ரத்தத்தில் அதே வயல் என்ன காட்டுகிறது? சிடி20-ஐப் பிடித்து பி செல்களை அழிக்கும் மருந்தான ரிட்டுக்சிமாப் கடைசியாக எப்போது போட்டார்கள்?

ஃப்ளோ_லேப்_தம்பி: நார்மலில் சிடி20 அருமையாக வருகிறது அக்கா. ரிட்டுக்சிமாப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது.

ஹீமட்டோபேத்_அக்கா: அப்படியென்றால் ரீஏஜென்ட் மேல் குற்றமில்லை. ரிட்டுக்சிமாப் 3 முதல் 6 மாதம் வரை ரத்தத்தில் தங்கும். அது சிடி20 மேல் உட்கார்ந்துவிட்டால் நம் ஆன்டிபாடிக்கு இடம் கிடைக்காது. நார்மல் ரத்தத்தில் கொஞ்சம் ரிட்டுக்சிமாப் கலந்து ஊறவைத்து, பிறகு சாயமிட்டுப் பாருங்கள். உங்கள் குளோன் (நீங்கள் பயன்படுத்தும் ஆன்டிபாடி வகை) மறைக்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் என் கவலை வேறு. இந்த மருந்துக்குப் பிறகு இந்தச் சமயத்தில் ரத்தத்தில் பி செல்லே அநேகமாக இருக்கக் கூடாது. அவை ஏன் இருக்கின்றன? கப்பா, லாம்டா போடுங்கள் (பி செல்லின் இம்யூனோகுளோபுலினில் வரும் இரண்டு லேசான சங்கிலி வகைகள்; ஒரே வகை மட்டும் வந்தால் அவை ஒரே செல்லிலிருந்து பெருகியவை என்று சந்தேகிக்கலாம்). அதற்கு முன் ரத்தத்தை நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்மாவில் உள்ள இம்யூனோகுளோபுலினே சாயத்தை உறிஞ்சிவிடும்.

மைக்ரோஸ்கோப்_ராஜா: பிளாஸ்மா செல்களைக் காட்டும் சிடி38, சிடி138 கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா செல்களுக்கு இயல்பிலேயே சிடி20 கிடையாது. ரிட்டுக்சிமாப் அவற்றைத் தொடாமல் விடுவதும் அதனால்தான்.

ஃப்ளோ_லேப்_தம்பி: பார்த்துவிட்டேன். ரிட்டுக்சிமாப் கலந்த நார்மலிலும் சிடி20 விழுந்துவிட்டது. நோயாளியின் செல்கள் முழுக்கக் கப்பாதான், லாம்டா இல்லை. சிடி138 நெகட்டிவ். "சிடி20 நெகட்டிவ்" என்று எழுதலாமா அக்கா?

ஹீமட்டோபேத்_அக்கா: வேண்டாம். அந்த ஒரு வரியை நம்பி அடுத்த சிகிச்சையில் ரிட்டுக்சிமாபைக் கைவிட்டுவிடுவார்கள். "சிடி20 கண்டறியப்படவில்லை, ரிட்டுக்சிமாப் மறைத்திருக்கலாம், கப்பா மட்டும் உள்ள பி செல்கள் உள்ளன" என்று எழுதுங்கள். காலை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். பயாப்சி எடுத்தால் எல்26 (சிடி20-ஐக் காணும் இன்னொரு ஆன்டிபாடி), பாக்ஸ்5 (பி செல்களின் இன்னொரு அடையாளப் புரதம்) இரண்டும் கேளுங்கள். எல்26 ஒட்டுவது சிடி20-இன் செல்லுக்குள் இருக்கும் பகுதியில், ரிட்டுக்சிமாப் அங்கே எட்டாது. பாக்ஸ்5 வந்து எல்26 வராவிட்டால்தான் சிடி20 உண்மையிலேயே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.