பாமினி பிடிஎஃப்பை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம். என் தங்கைக்குப் பார்வை இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. விண்டோஸ் 10 லேப்டாப்பில் என்விடிஏ என்ற, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் படிக்கிறாள். துறையில் கொடுத்த 340 பக்க பிடிஎஃப் முழுக்கப் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. என்விடிஏ அதை வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் வாசிக்கிறது.

காப்பி செய்து கன்வெர்ட்டரில் போட்டால் கொம்புகள் இடம் மாறுகின்றன. பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஓசிஆர் (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காண்பது) செய்தோம். எழுத்து சரி, ஆனால் ஒரு பக்கத்தில் இடமும் வலமுமாக உள்ள இரண்டு பத்திகளும் கலந்துவிட்டன. தட்டச்சு செய்த மூலக் கோப்பு துறையில் இல்லையாம்.

இப்போது ஹாஸ்டல் தோழிகள் ராத்திரி வாசித்துக் காட்டுகிறார்கள். தங்கமான பிள்ளைகள். அவர்களுக்கும் நவம்பரில் அதே தேர்வுதானே!

இரண்டு பத்தியாக உள்ள பாமினி பிடிஎஃப்பை வரிசை குலையாமல் யூனிகோடாக மாற்றியவர்கள் யாராவது, எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று சொல்வீர்களா?