புதுப்பிப்பு: வட்டவடை உருளைக்கிழங்குக்கு இந்த முறை என்ன விலை போட்டார்கள்?

மூணாறு பக்கத்து மலையூரான எங்கள் வட்டவடைக் கிழங்கைப் பச்சை, தோல் உரிசல் என்று சொல்லி மண்டியில் விலையைக் குறைத்துவிட்டார்கள் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். தழையை முன்கூட்டியே அறுக்கச் சொல்லிச் சிலர் பதில் போட்டீர்கள். செய்து பார்த்தாயிற்று.

பறிப்புக்கு 10-15 நாள் முன்பே அறுத்துவிட்டோம். இப்போது கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலும் தோல் உரியவில்லை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. தோண்டியதை வெயிலில் போடாமல் கொட்டகையில் பரப்பினோம். வெளிச்சம் பட்டால் பச்சை படியும், சோலனைன் என்ற நச்சு ஏறும், கசக்கும். கழுவவே இல்லை. ஈரத்தோடு மூட்டை கட்டினால் வழியிலேயே அழுக ஆரம்பித்துவிடும். மண் உலர்ந்தபின் கையால் தட்டிவிட்டாலே போதும்.

தரம் பிரிப்பதில்தான் வீட்டில் சண்டை. மண்வெட்டி பட்டதையும் மூட்டைக்கு அடியில் போடலாம் என்றார் சித்தப்பா. ஒரு அழுகல் போதுமே, மூட்டை முழுக்க நாறிவிடும்! கடைசியில் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரித்து, வெட்டுப்பட்டது வீட்டுக் குழம்புக்கு. காற்றுப் புகும் சணல் சாக்குதான் கட்டினோம். லாரியில் தூக்கி எறிந்தால் உள்ளே கன்றிப்போவது வெளியே தெரியாது. ஏற்றுபவர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதே மண்டியில் பெரிதுக்கும் நடுத்தரத்துக்கும் தகராறு இல்லாமல் விலை போட்டார்கள். பொடிக்கு மட்டும் அடிமாட்டு விலைதான். அதை மறையூர் வழியாக உடுமலைக்கு அனுப்பலாமா என்று யோசனை. அங்கே விற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.