நண்டு நடை

அக்கா: காலையில் தம்பி மாடிப்படி இறங்கியதைப் பார்க்க வேண்டுமே. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடட்டுமா?

நான்: வேண்டாம் அக்கா. சித்தப்பா, ஒரு சந்தேகம். மூன்று வாரமாக ஒரு நாள் விடாமல் 10 கி.மீ. ஓடுகிறேன். முதல் வாரம் கி.மீ.க்கு 5 நிமிடம் 20 நொடி. போன வாரம் 5:30. இன்று 5:41. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

சித்தப்பா: நடுவில் மெதுவாக ஓடியது எத்தனை நாள்?

நான்: ஞாயிறு மெதுவாகத்தான் ஓடினேன். 5:45.

சித்தப்பா: அது மெதுவான ஓட்டமா? வேகமாக ஓட முடியாமல் போன ஓட்டம். சரி, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்திக்கொண்டே வா. ஒரே புள்ளியில் சுரீர் என்கிறதா?

நான்: இல்லை. தொடையும் கெண்டைக்காலும்தான் கல் மாதிரி இருக்கின்றன.

சித்தப்பா: நல்ல வேளை. ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பில் விரிசலோ என்று டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். தெம்பாக இருக்கிறதே என்று நீ ஓடுவாய், அடி வாங்குவது கால்.

அக்கா: அப்போ பேசாமல் தூங்கட்டுமே. எதற்கு மெதுவாக ஓட வேண்டும்?

சித்தப்பா: வாரத்தில் ஒரு நாள் தூங்கட்டும். ஆனால் மெதுவாக ஓடினாலும் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். அப்போது கொழுப்பு நிறைய எரியும், தசையில் சேர்ந்த கிளைக்கோஜன் என்கிற சர்க்கரை இருப்பு அவ்வளவாகச் செலவாகாது. நீண்ட ஓட்டத்தில் அது காலியானால் மறுபடி நிரம்ப ஒரு நாளாவது ஆகும், சில சமயம் இரண்டு நாள். இவன் தினமும் அரை டேங்கோடு கிளம்புகிறான்.

சித்தப்பா: கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் முடித்தார். கி.மீ.க்கு சுமார் 2:52. அவரே மெதுவான நாளில் கி.மீ.க்கு 4 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார்.

நான்: அவர் மெதுவாக ஓடினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கி.மீ.க்கு 7:00 ஓடி, எல்லோரும் பார்க்கும் ஸ்ட்ராவா ஓட்ட ஆப்பில் போட்டால்?

சித்தப்பா: யார் போடச் சொன்னது? நாளைக்கு வாட்சை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. ஓடிக்கொண்டே இந்தக் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறை. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பையும் எண்ணு. வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் ஓடவே வேண்டாம்.

அம்மா: ஓடாத நாளில் வீட்டைக் கூட்டலாமா?

சித்தப்பா: தாராளமாக, அண்ணி.

மறுநாள் காலை

நான்: (வாய்ஸ் மெசேஜ், 3 நிமிடம் 12 நொடி)

அக்கா: மூச்சே வாங்கவில்லை. ஆனால் கடைசி ஒரு நிமிடம் என்னைப் பற்றிய புகார்தான்.

நான்: ஒரு தாத்தா ஓடிவந்து என்னைத் தாண்டிப் போனார் சித்தப்பா. திரும்பிப் பார்த்து, "கால் வலியா தம்பி?" என்று வேறு கேட்டார்.

சித்தப்பா: மஞ்சள் தொப்பியா?

நான்: ஆமாம்!

சித்தப்பா: அவரிடமும் இதையேதான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.