சிஎச்எம்பி ஒப்பீனியனுக்குப் பின் 5 நாள், 25 மொழி: மொழிபெயர்ப்பை எப்போது தொடங்குவது?

லேபிள்_புதுசு:
சென்ட்ரலைஸ்டு ப்ரொசீஜரில் (ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே அனுமதி) இருக்கும் மாத்திரை. அடுத்த மாதம் சிஎச்எம்பியின், அதாவது ஐரோப்பிய மருந்து முகமையான ஈஎம்ஏவின் மனித மருந்துக் குழுவின், ஒப்பீனியன். அதிலிருந்து 5ஆம் நாள் எல்லா மொழி ப்ராடக்ட் இன்ஃபர்மேஷனும் (மருந்து விவரக்குறிப்பு, லேபிள், நோயாளிக்கான லீஃப்லெட்) ஈஎம்ஏவுக்குப் போக வேண்டும். ஒப்பீனியன் வந்தபின் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கலாம் என்கிறது எங்கள் அட்டவணை. சரிவருமா? உறுப்பு நாடுகளிடம் அதிகம் அடிவாங்குவது எது?

நாள்215:
சரிவராது. அவை காலண்டர் நாள்கள். ஒப்பீனியன் வழக்கமாக வியாழக்கிழமை; எண்ணிப் பாருங்கள், செவ்வாயோடு முடிந்தது, நடுவில் சனி ஞாயிறு வேறு.

மதிப்பீட்டின் 180ஆம் நாளில் சிஎச்எம்பி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் போனதுமே ஆங்கில வரைவைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் மாறும் வரிகளை மட்டும் டிராக் சேஞ்சஸோடு அனுப்பினால் போதும். ஐஸ்லாந்து, மால்ட்டா மொழிகளுக்கு ஆள் குறைவு, முதலில் அவர்களைப் பிடித்து வையுங்கள்.

அடிவாங்குவது பெரும்பாலும் மொழிபெயர்க்கவே கூடாததை மொழிபெயர்ப்பதால்தான். தலைப்புகளும் நிலையான வாக்கியங்களும் அந்தந்த மொழியின் க்யூஆர்டி டெம்ப்ளேட்டிலிருந்து (ஈஎம்ஏ தரும் மாதிரிப் படிவம்) அப்படியே வர வேண்டும். மருந்து வடிவம், செலுத்தும் வழி இரண்டுக்கும் ஈடிக்யூஎம் (ஐரோப்பிய மருந்துத் தர அமைப்பு) வெளியிடும் ஸ்டாண்டர்டு டெர்ம்ஸ். எஸ்எம்பிசியின் (மருத்துவர்களுக்கான மருந்து விவரக்குறிப்பு) 4.8ஆம் பிரிவில் வரும் பக்கவிளைவுப் பெயர்களுக்கு மெட்ரா என்ற மருத்துவச் சொல் அகராதியின் அந்த மொழிப் பதிப்பு. லீஃப்லெட்டில் மட்டும் நோயாளிக்குப் புரியும் சொல். மொழிபெயர்ப்பாளர் சொந்த நடையில் அழகாக எழுதினால் ஒப்பீனியனிலிருந்து 19ஆம் நாள் உறுப்பு நாடுகளிடமிருந்து எல்லாம் சிவப்பாகத் திரும்பி வரும்.

தசமப்புள்ளி:
எண்களை மட்டும் பார்க்கத் தனியாக ஓர் ஆளைப் போடுங்கள். ஆங்கிலத்தில் 2.5 மி.கி.; ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷில் 2,5. மால்ட்டீஸில் புள்ளியேதான். அவசரத்தில் மொத்தமாக ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டால் ‘பிரிவு 4.4 பார்க்க’ என்பதும் ‘4,4’ ஆகிவிடும். அதை ஸ்பெல் செக் காட்டாது.

அட்டைப்பெட்டி:
ஆர்ட்வொர்க் பக்கம் ஒன்று. பக்கவிளைவைத் தெரிவிக்கும் பத்தியில், அப்பெண்டிக்ஸ் 5ஐ (பக்கவிளைவைத் தெரிவிக்க வேண்டிய அமைப்புகளின் நாடு வாரிப் பட்டியல்) சுட்டும் சாம்பல் நிற வரி இருக்கும். ஈஎம்ஏவுக்குப் போகும் ப்ராடக்ட் இன்ஃபர்மேஷன் கோப்பான அனெக்ஸில் அதைத் தொடக் கூடாது. அச்சுக்குப் போகும் லீஃப்லெட்டில் அது இருக்கவே கூடாது. அந்த இடத்தில் அந்தந்த நாட்டு அமைப்பின் விவரம் வர வேண்டும். அனெக்ஸை அப்படியே காப்பி அடித்தால் நோயாளி கையில் ‘அப்பெண்டிக்ஸ் 5 பார்க்க’ என்றுதான் போய்ச் சேரும்! புளூ பாக்ஸ் தகவலும் (ஒவ்வொரு நாடும் பெட்டியில் தனியாகக் கேட்பது) அனெக்ஸில் கிடைக்காது, நாடு வாரியாகத் தேடி எடுக்க வேண்டும். கூடுதல் கண்காணிப்பு மருந்தென்றால் லீஃப்லெட்டில் வரும் கறுப்பு முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். அட்டையில் முக்கோணம் வராது.

லேபிள்_புதுசு:
நன்றி. ஒரு நாட்டின் திருத்தத்தை ஏற்க முடியாவிட்டால்?

நாள்215:
காரணத்தைக் கருத்துப் படிவத்தில் எழுதி, அந்த நாட்டு மதிப்பாய்வாளரிடமே நேராகப் பேசித் தீருங்கள். ஒப்பீனியனிலிருந்து 25ஆம் நாள் இறுதிப் பதிப்பு போக வேண்டும், இழுக்க நேரமில்லை. எல்லா நாட்டுக் கருத்துகளையும் ஒருவரே சேர்த்துப் படிப்பது நல்லது. செக் மொழியில் சுட்டிய பிழை ஆங்கில மூலத்திலேயே இருந்தால் மற்ற மொழிகளிலும் அதே பிழை உட்கார்ந்திருக்கும். அப்போதும் ஈஎம்ஏவிடம் சொல்லாமல் ஆங்கிலத்தில் கை வைக்காதீர்கள்.