விட்டுவிட்டதா, விட்டுவைத்ததா? 'ஃபார்பேரன்ஸ்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

முதல் மடல் – தருமபுரி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேபிள் இணைப்பு வைத்திருப்போரின் மாதக் கட்டணம் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தருமபுரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதிவருகிறோம். செட்டாப் பாக்ஸ், ரீசார்ஜ், எம்.எஸ்.ஓ. (அலைவரிசைகளைத் தொகுத்து உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குத் தரும் நிறுவனம்) போன்றவற்றில் எங்களுக்குச் சிக்கல் எழவில்லை. மக்கள் வாயில் உள்ளதையே எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு சொல் மட்டும் இரண்டு வாரமாக எங்களை நகரவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறது. 'ஃபார்பேரன்ஸ்' (forbearance) என்பதே அது; அதிகாரம் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதை அது குறிக்கிறது.

சொல் வரும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997-இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தொடக்கத்தில் தொலைபேசிச் சேவைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. 2004 ஜனவரியில் ஒலி, ஒளிபரப்பும் கேபிள் சேவையும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. வந்த சில நாள்களிலேயே, 2003 டிசம்பர் 26 அன்று என்ன வாங்கப்பட்டதோ அதற்கு மேல் யாரும் வாங்கக்கூடாது என்று அது கேபிள் கட்டணங்களை இருந்த இடத்திலேயே நிறுத்தியது. 2017-இல் வெளியாகி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண ஆணை, அலைவரிசைகளின் விலையைத் தனியாகவும் அவற்றை வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும் வலையமைப்புக்கான கட்டணத்தைத் தனியாகவும் பிரித்தது. பின்னதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த 130 ரூபாய். வரியோடு சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. முதலில் அந்தத் தொகைக்கு 100 அலைவரிசைகள். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின் 200. அதற்கு மேல் எத்தனை ஆனாலும் 160 ரூபாய். இந்த இரண்டு உச்சவரம்புகளையும் 2024 ஜூலை 8 அன்று ஆணையம் எடுத்துவிட்டு, அந்தக் கட்டணம் இனி 'ஃபார்பேரன்ஸின் கீழ்' இருக்கும் என்று அறிவித்தது.

இதைத் தமிழில் எழுதுவதற்கு நாங்கள் செய்த முதல் முயற்சி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 'இக்கட்டணத்தில் ஆணையம் பொறுமை காக்கும்' என்பது. அகராதியைப் பார்த்துச் செய்த வேலை. வரைவைப் படித்துப் பார்த்த என் அண்ணி, "கட்டணம் குறையும் வரை நம்மைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்களா?" என்று கேட்டார். அடுத்து 'கட்டண உச்சவரம்பு ரத்து' என்று எழுதினோம். அது பிழையில்லாத தொடர்தான். ஆனால் படித்தவர்களில் பாதிப்பேர் 'கட்டணம் ரத்து' என்றே மனத்தில் வாங்கிக்கொண்டார்கள். மேலும், வரம்பு எடுக்கப்பட்டது என்ற செய்தியை மட்டுமே அது தருகிறது. எடுத்தவர் கையில் இன்னும் என்ன இருக்கிறது என்பதைத் தரவில்லை.

அந்த இரண்டாவது பகுதிதான் இந்தச் சொல்லின் உயிர். கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் 1997 சட்டத்தின் 11(2) பிரிவில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆணையம் அதை இழக்கவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை; இந்தக் கட்டணத்தைப் பொறுத்தவரை இப்போதைக்குப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. சேவை வழங்குநர்கள் தங்கள் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நீடிப்பதும் அதனால்தான். 'கட்டுப்பாடு நீக்கம்' என்றால் அதிகாரமே போய்விட்டது போலாகும். 'விலக்கு' என்பது ஒருவருக்கு அளிக்கப்படுவது. வரிவிலக்கு பெற்றவர் என்கிறோம், இங்கே பெறுபவர் என்று யாரும் இல்லை. 'தளர்வு' என்ற சொல்லை ஊரடங்குக் காலம் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதோடு, இருக்கும் விதியைச் சற்று இளக்குவதுதான் தளர்வு. இங்கே விதியே எடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே 'விட்டுவைப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிலம் என்னுடையது, பட்டா என் பெயரில் இருக்கிறது, மழை போதாததால் இந்த ஆண்டு உழவில்லை. இதைத்தான் 'தரிசாக விட்டுவைத்திருக்கிறேன்' என்கிறோம். பந்தலில் ஒரு சுரைக்காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டுவைக்கிறோம். பறிக்கும் உரிமையும் கைக்கெட்டும் தூரமும் இருந்தும் பறிக்காமல் இருப்பதுதான் விட்டுவைத்தல்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி – கிருஷ்ணகிரி

அன்புள்ள ஐயா,

தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. கேபிளுக்கு இது புதிதாக இருக்கலாம். செல்பேசிக் கட்டணங்களில் பெரும்பகுதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதன் கீழ்தான் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டு, நடைமுறைப்படுத்திய ஏழு வேலை நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். அதிகாரம் கையில் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமானால் 2016 பிப்ரவரி 8-ஐப் பாருங்கள். இணையத் தரவுக் கட்டணத்தில் தலையிடாமல் இருந்த ஆணையம், பார்க்கும் தளத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக்கூடாது என்று அன்று தடை விதித்தது. 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் தரவேண்டும் என்று விதி செய்தது. பட்டன் போன் வைத்திருக்கும் என் போன்ற கிழவர்களுக்கு அது பெரிய செய்தி.

பொருளில் உங்களோடு உடன்படுகிறேன். சொல்லில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, 'வைப்பு' என்றாலே வங்கிதான் நினைவுக்கு வருகிறது. 'கட்டண விட்டுவைப்பு' என்று கையேட்டில் அச்சிட்டால், செட்டாப் பாக்ஸுக்குக் கட்டிய முன்பணத்தைப் பற்றிய பக்கம் என்று நினைத்துப் புரட்டுவார்கள்.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. 'உன்னை விட்டுவைக்க மாட்டேன்' என்பது நம் பக்கத்துச் சண்டைகளில் தினமும் கேட்கும் வாக்கியம். 'விட்டுவைத்திருக்கிறேன்' என்று சொல்பவரின் குரலில் ஒரு மிரட்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டத்தால் அமைந்த ஒரு நிறுவனம் அந்தக் குரலில் பேசலாமா?

வெளிநாட்டு வழக்கையும் எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவில் 1996 சட்டம் சேர்த்த பிரிவின்படி, மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் அங்குள்ள ஆணையம் ஒரு விதியைச் செயற்படுத்தாமல் இருந்தே தீரவேண்டும். நிறுவனமே மனுப்போடலாம், ஓராண்டுக்குள், நீட்டித்தால் மேலும் 90 நாளுக்குள், மறுக்கப்படாத மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அங்கே அது ஆணையத்தின் விருப்பம் இல்லை, கடமை. கடமையைப் போய் 'விட்டுவைத்தல்' என்று எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை 'தலையிடாமை'. எளிய சொல், யாருக்கும் புரியும்.

மறுமொழி – அரூர்

இருவருக்கும் வணக்கம். நீதிமன்றத் தமிழில் புழங்குபவள் என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆணை ஒன்று நடைமுறைக்கு வராமல் இருப்பதற்கு 'நிறுத்திவைப்பு' என்ற சொல் அரசாணைகளிலும் தீர்ப்புகளிலும் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அதையே இங்கும் கொண்டுவரலாமே. புதுச்சொல் ஆக்குவதற்கு முன் இருக்கும் சொல் போதுமா என்று பார்ப்பது நல்லது அல்லவா? 'தலையிடாமை' எனக்கு உவப்பாக இல்லை. தலையிட வேண்டிய நேரத்தில் ஒதுங்கிக்கொண்டவரையும் அப்படித்தான் சொல்வோம்.

மறுமொழி – தருமபுரி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் அம்மையாருக்கும் நன்றி. இரு மடல்களும் என்னை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வைத்தன. ஒரு இடத்தில் பின்வாங்கவும் செய்தன.

> 'நிறுத்திவைப்பு' என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.

அம்மையாரின் பரிந்துரை பொருளுக்கு மிக நெருங்கி வருகிறது. அதனாலேயே வேறுபாட்டைச் சொல்லவேண்டியிருக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட ஆணை செத்துப்போவதில்லை, தூங்குகிறது. தடை நீங்கினால் அதே ஆணை, அதே வாசகத்தோடு, அதே தொகையோடு எழுந்துவிடும். 130 ரூபாய் வரம்பு அப்படித் தூங்கவில்லை, அது போய்விட்டது. ஆணையம் மறுபடி வரம்பு வைக்க விரும்பினால் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, கருத்துக் கேட்டு, புதிய ஆணை பிறப்பிக்க வேண்டும். வரும் தொகை 130 ஆகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எஞ்சியிருப்பது ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மட்டுமே. 'நிறுத்திவைப்பு' என்று அச்சிட்டால், பழைய 130 ரூபாய் ஒரு நாள் தானாகத் திரும்பி வரும் என்று வாசகர் காத்திருப்பார்.

ஆனால் அம்மையார் தம்மை அறியாமலேயே எனக்கு ஓர் உதவி செய்திருக்கிறார். 'வைப்பு' என்றால் வங்கி நினைவு வரும் என்ற ஐயாவின் முதல் தடைக்கு அவருடைய மடலிலேயே விடை இருக்கிறது. நிறுத்திவைப்பு, ஒத்திவைப்பு, தள்ளிவைப்பு ஆகியவற்றை நாம் அன்றாடம் படிக்கிறோம். எவரும் வங்கிப் பக்கம் போவதில்லை. வினையெச்சத்தை அடுத்து வரும்போது 'வை' என்பது துணைவினை. சொல்லிவை, வாங்கிவை, எழுதிவை என்பவற்றில் எல்லாம், பின்னால் வரப்போகும் ஒன்றைக் கருதி இப்போதே செய்வது என்ற பொருளை அது சேர்க்கிறது. இந்தத் துணைவினைக்குப் பதிலாக 'விடு' என்பதை வைத்துப் பாருங்கள். ஆணையம் கட்டணத்தை விட்டுவிட்டது என்றால் கதை முடிந்தது. விட்டுவைத்தது என்றால் முடியவில்லை. கட்டுப்பாடு நீக்கத்துக்கும் ஃபார்பேரன்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு துணைவினையை மாற்றிக் காட்ட நம் மொழியில் இடம் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் போவது எனக்கு மனமொப்பவில்லை.

'தலையிடாமை' இந்த இடத்தில்தான் தோற்கிறது. தலையிடும் உரிமை இல்லாதவரும் தலையிடாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சண்டையில் நான் தலையிடவில்லை. அதற்காக அந்தச் சண்டையை நான் விட்டுவைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அதிகாரம் உள்ளவர் மட்டுமே விட்டுவைக்க முடியும்.

மிரட்டல் தொனியைப் பற்றி ஐயா சொன்னது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அவரே தந்த 2016, 2024 சான்றுகளைப் பார்த்தால் அந்தத் தொனி பொருளுக்குப் புறம்பானதாக எனக்குத் தோன்றவில்லை. வரம்பு மீறினால் மீண்டும் தலையிடுவோம் என்ற எச்சரிக்கை இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் சந்தாதாரருக்கு இதில் என்ன காப்பு? விதைச் சுரைக்காயில் மிரட்டல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லின் குரல் அது வரும் இடத்தைப் பொறுத்தது.

பின்வாங்குவது அமெரிக்க வழக்கில். அங்கே ஆணையத்தின் தலையில் சட்டமே கடமையாக ஏற்றும் ஒன்றை 'விட்டுவைப்பு' என்பது பொருந்தாது. ஐயா சரியாகவே பிடித்திருக்கிறார். கனடாவின் 1993 சட்டம் இன்னும் நுணுக்கமானது: போட்டி போதுமான அளவு இருந்தால் ஆணையம் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருந்தாக வேண்டும் என்று ஓர் உட்பிரிவும், பயன்படுத்தாமல் இருக்கலாம் என்று வேறோர் உட்பிரிவும், சந்தைப் போட்டியைக் கெடுக்கும் என்றால் அப்படி இருக்கவே கூடாது என்று மற்றோர் உட்பிரிவும் அதில் உண்டு. அந்தச் சட்டங்களை மொழிபெயர்ப்பவர் 'செயற்படுத்தாமை' என்ற பொதுச்சொல்லை எடுத்துக்கொள்ளட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதாலேயே தமிழிலும் ஒரே சொல்லாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வங்கித் துறையிலும் இதே சொல் புழங்குகிறது. அங்கே கடனைத் திருப்பிக் கட்டத் திணறுவோருக்காக வங்கிகள் மீதான விதிகளை இளக்குவதையே அது குறிப்பதால், 'விதித்தளர்வு' அங்கே சரியாகப் பொருந்தும். நம் சொல்லை இந்தியக் கட்டண ஆணைகளோடு நிறுத்திக்கொள்வோம்.

பயன்பாட்டில் ஒன்றைக் கவனித்தேன். பெயர்ச்சொல்லாக எழுதும்போது தொடர் விறைத்துக்கொள்கிறது. வினையாக எழுதினால் இளகிவிடுகிறது. எனவே கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'கட்டண விட்டுவைப்பு' என்று போட்டுவிட்டு, உள்ளே வினையாகவே எழுதியிருக்கிறோம். அச்சுக்குப் போகும் வாசகம் இது:

'வலையமைப்புக் கட்டணத்துக்கு ஆணையம் இப்போது வரம்பு எதையும் விதிக்காமல் விட்டுவைத்திருக்கிறது. உங்கள் கேபிள் நிறுவனம் அதைத் தானே முடிவு செய்யலாம்; ஆனால் எவ்வளவு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.'

இதை நேற்று எங்கள் தெருவுக்கு இணைப்புத் தரும் கேபிள்காரரிடம் காட்டினேன். கலைச்சொல், விவாதம் எதையும் சொல்லாமல், படித்துப் பாருங்கள் என்று மட்டும் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "அப்படியென்றால் மறுபடி எப்போது சார் பிடிப்பார்கள்?" என்று கேட்டார்.